நீல வீடும் நிழல் பக்தர்களும்

1

தனிஸாகி ஜுனிசிரோ நிழலைப் பற்றி எழுதிய கட்டுரை நம் வட்டத்தில் ஏறக்குறைய ஒரு வேதம். 1933-34-இல் ஜப்பானியப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்து, 1977-இல் ஆங்கிலத்தில் சிறு புத்தகமாக வந்தது. படித்தவர்களைவிடப் படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்களிடம்தான் அது அதிகம் புழங்குகிறது என்பது என் சந்தேகம். அரக்குப் பாத்திரத்துக்குள் தேங்கிய இருட்டு, காகிதக் கதவில் வடிந்து வரும் வெளிச்சம், பழைய கழிப்பறையின் அமைதி - இவற்றைப் பற்றி நாலு வாக்கியம் பேசிவிட்டு, 'பார்த்தீர்களா, ஜப்பானியன் தன் மரபை விட்டுக்கொடுக்கவில்லை' என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். அந்தக் கட்டுரை, எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து முடித்துவிட்ட ஒருவனின் புலம்பல் என்பது இவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

இவர்களை நிழல் பக்தர்கள் என்று அழைக்கலாம். டோக்கியோவில் 1888-இல் கட்டப்பட்ட ஒரு மேற்கத்திய பாணி மரவீட்டை, இடிபட இருந்த கடைசி நேரத்தில் சிலர் வாங்கி, பழுது பார்த்து, 2024 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு நிழல் பக்தரிடம் சொன்னேன். அவர் பதில் இது: "அது ஜப்பானிய வீடே இல்லையே சார். வெள்ளைக்காரன் வீட்டைப் பார்த்துப் போட்ட நகல். நகலைப் புதுப்பிக்கவா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

பெயர் வேண்டாம். இது ஒரு தனி மனிதரின் குரல் இல்லை; ஒரு மனோபாவத்தின் குரல். புதுக்கவிதையைப் பார்த்து 'இறக்குமதிச் சரக்கு' என்று பண்டிதர் சொன்னதும் இதே குரலில்தான். பண்டிதரை எதிர்த்து எழுத வந்தவர்களே இன்று, கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில், பண்டிதரின் கட்சியைப் பேசுகிறார்கள். ஆகவேதான், எங்கோ கிடக்கும் ஒரு மரவீட்டைப் பற்றி இங்கே விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

டோக்கியோவின் ஸெதகாயா பகுதியில் கோதொகுஜி என்ற இடத்தில் இருக்கிறது அந்த வீடு. கீழும் மேலுமாக இரண்டு தளம். வெளிச் சுவர்ப் பலகைகளுக்கு வெளிர்நீல வர்ணம். கட்டியவர் ஓஸாகி ஸபுரோ. பிற்பாடு பாரன் பட்டம் பெற்ற அரசாங்கப் பிரமுகர். மெய்ஜி ஆட்சி தொடங்கிய காலத்தில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். அங்கே ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டார். மூன்று பெண் குழந்தைகள். கல்யாணம் நிலைக்கவில்லை. இவர் ஜப்பான் திரும்பிவிட்டார். குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியான தியோடோரா, பதினாறு வயதில், 1887-இல் தகப்பனாரைத் தேடி ஜப்பானுக்கு வந்தாள். மறு வருஷம் அஸாபு பகுதியில் இந்த வீடு எழுந்தது. மகளுக்காகவே கட்டியது என்று சொல்லப்படுகிறது.

இந்தத் தியோடோராதான் பின்னால் ஜப்பானிய நாடோடிக் கதைகளை ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லி 1903-இல் புத்தகமாகப் போட்டவர். பீச் பழத்திலிருந்து பிறந்த மொமொதாரோவையும், கடலுக்கடியில் அரண்மனை கண்ட உரஷிமாவையும் ஆங்கிலம் படிக்கும் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்துகொண்டது பெரும்பாலும் இந்தப் பெண் வழியாக. 1905-இல் அவர் ஓஸாகி யுகியோவை மணந்தார். பெயர் ஒன்றே தவிர உறவு கிடையாது. அப்போது டோக்கியோ மேயராக இருந்தவர். 1912-இல் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்த செர்ரி மரங்களை அனுப்பிய மனிதர். வெகுகாலம் இந்த வீட்டை அவர் வீடு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

1933-இல் ஆங்கில இலக்கிய அறிஞர் ஒருவர் இந்த வீட்டை வாங்கினார். அஸாபுவில் அதைப் பிரித்தெடுத்து, கோதொகுஜிக்குக் கொண்டுபோய் மறுபடியும் நிறுத்தினார். வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1933. தனிஸாகி நிழலைப் பற்றி எழுதத் தொடங்கிய அதே வருஷம். ஒருவர் ஜப்பானிய இருட்டுக்கு இரங்கற்பா எழுதிக்கொண்டிருந்தபோது, இன்னொருவர் ஊரின் மறுகோடிக்கு ஒரு மேற்கத்திய வீட்டைப் பலகை பலகையாகச் சுமந்துகொண்டிருந்தார். இரண்டும் ஒரே ஜப்பான். ஒன்று அசல், ஒன்று போலி என்று கோடு கிழிப்பது நம் சௌகரியத்துக்காக.

இந்த வீட்டை 'நகல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர், இது யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பெண்ணையும் நகல் என்று சொல்வாரா? லண்டனில் பிறந்து, ஆங்கிலத்தில் ஜப்பானியக் கதை சொன்னவர் எந்த நாட்டின் நகல்? மனிதர்களுக்குப் பொருந்தாத ஒரு அளவுகோல் வீடுகளுக்கும் கவிதைகளுக்கும் மட்டும் எப்படிப் பொருந்திவிடுகிறது?

3

சரி, நகல் என்றே வைத்துக்கொள்வோம். எதைப் பார்த்து எடுத்த நகல்?

நாகஸாகி துறைமுகத்துக்கு மேலே, குன்றின் மீது, ஸ்காட்லாந்து வியாபாரி தாமஸ் க்ளோவரின் வீடு இருக்கிறது. 1863-இல் கட்டியது. ஜப்பானில் இன்று நிற்கும் மேற்கத்திய பாணி மரக்கட்டிடங்களில் இதுவே மிகப் பழையது. கட்டிக் கொடுத்தவர் அமகுஸாவைச் சேர்ந்த கொயாமா ஹிதெனொஷின். கூரையில் ஜப்பானிய ஓடு. சுவர் மண், அதன்மேல் ஜப்பானியச் சுண்ணாம்புப் பூச்சு. முகப்பில் ஓடுகிற திறந்த தாழ்வாரம்தான் அதை 'மேற்கத்திய' வீடாக்குகிறது. ஆனால் அந்தத் தாழ்வாரம் ஸ்காட்லாந்தில் ஏது? அந்தக் குளிருக்கும் சாரலுக்கும் அப்படி ஒரு தாழ்வாரம் எதற்கு? இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரன் கட்டப் பழகி, சீனத் துறைமுகங்கள் வழியாக நாகஸாகி வரை சுமந்துகொண்டு போனது அது. 'வராண்டா' என்ற சொல்லையே ஆங்கிலம் இந்தியாவில்தான் பொறுக்கியது. நிழல் பக்தர் 'மேற்கு' என்று விரல் நீட்டுகிற இடத்தில் இருப்பது பாதி நம் திண்ணையின் ஒன்றுவிட்ட சகோதரன். அசல் மேற்கு எங்கே இருக்கிறது என்று இவர்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

மலைகளுக்கு நடுவில் உள்ள மத்ஸுமோதோவில் 1876-இல் எழுந்த கைச்சி பள்ளிக்கூடம் இன்னும் வேடிக்கையானது. கட்டியவர் ததெய்ஷி ஸெய்ஜூ என்ற தச்சர். ஐரோப்பாவைப் பார்த்ததில்லை. டோக்கியோவுக்கும் யோகொஹாமாவுக்கும் போய்ப் புதுக் கட்டிடங்களைப் பார்த்து, மனசில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். சுவர் மூலைகளில் கருங்கல் அடுக்கியதுபோல் தெரியும். அது கல் இல்லை, பூச்சு வேலை. வாசலுக்கு மேலே செதுக்கிய மேகங்களும் ஒரு டிராகனும். அதற்கும் மேலே இரண்டு தேவதைக் குழந்தைகள் பள்ளியின் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இப்படி ஒரு கட்டிடம் ஐரோப்பாவில் எங்கும் கிடையாது, இருக்கவும் முடியாது. 2019-இல் ஜப்பான் அரசு இதைத் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்தது. எந்த மூலத்தின் நகல் இது? மூலத்தைச் சரியாகப் பார்க்க முடியாத தூரத்தில் நின்ற ஒரு தச்சன், பார்க்காத பகுதியைத் தன் கையிலிருந்த வித்தையால் நிரப்பினான். அந்த நிரப்பலில்தான் சிருஷ்டி இருக்கிறது. எந்த நல்ல மொழிபெயர்ப்பாளனைக் கேட்டாலும் சொல்வான்.

நகல் என்ற ஏளனம் நிழல் பக்தர்களின் சொந்தச் சரக்கும் இல்லை. டோக்கியோவில் ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் ஜோஸையா காண்டர் கட்டிய ரொகுமெய்கான் மாளிகை 1883-இல் திறந்தது. மெய்ஜி பிரமுகர்கள் கோட்டும் கவுனுமாக அங்கே நடனமாடினார்கள். 1885-இல் அந்த விருந்துக்குப் போன பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தி, கட்டிடத்தைப் பார்த்ததும் தன் நாட்டில் ஏதோ ஒரு சின்ன நீரூற்று ஊரின் சூதாட்ட மண்டபம் நினைவுக்கு வந்ததாக எழுதினார். அங்கே வாழ்ந்த பிகோ என்ற பிரெஞ்சு ஓவியர், மேற்கத்திய உடுப்பில் நிற்கும் ஜப்பானியத் தம்பதி கண்ணாடியில் குரங்குகளாகத் தெரிவதுபோல் கேலிச்சித்திரம் போட்டார். நம் நிழல் பக்தரின் முகச்சுளிப்பு இந்த இரண்டு பேரிடமிருந்தும் இரவல் வாங்கியது. 'நீ உன் கிமோனோவில், உன் இருட்டில் இரு. அப்போதுதான் நான் வந்து ரசிக்க முடியும்' என்பதே அதன் சாரம். லோத்தியிடம் அது ஆதிக்கம் என்றால், இவரிடம் எப்படி அது மரபுப் பற்றாகிவிடும்?

ஜப்பானிய எழுத்தாளன் அதே நடனத்தை வேறு விதமாகப் பார்த்தான். அகுதகாவா 1920-இல் எழுதிய நடனக் கதையில் லோத்தியும் ஒரு பாத்திரம். கேலிக்கு ஆளான அந்த இரவில் கேலியைத் தவிர வேறு ஒன்றும் இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அரசியல்வாதிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தேசியவெறி உச்சத்தில் இருந்த 1940-41-இல் ரொகுமெய்கானை இடித்துத் தள்ளினார்கள். தூய்மைவாதம் விமர்சனமாக ஆரம்பித்து, கடப்பாரையாக முடிகிற விதம் இது.

4

இனி வேத கர்த்தாவிடமே போகலாம். நிழலைப் பாடிய தனிஸாகி எந்த வீட்டில் குடியிருந்தார்?

1921-லிருந்து 1923 வரை யோகொஹாமாவில், வெளிநாட்டார் வசித்த பகுதியில், மேற்கத்திய பாணி வீட்டில், மேற்கத்திய வாழ்க்கை. 1923 செப்டம்பர் பூகம்பம் அந்த யோகொஹாமாவைத் தரைமட்டமாக்கியதும் மேற்கே கான்ஸாய்க்குப் பெயர்ந்தார். 1928-இல் கோபேக்குப் பக்கத்தில் ஒகாமோதோவில் தானே ஒரு வீடு கட்டினார். தூய ஜப்பானிய வீடா? இல்லை. ஜப்பான், சீனம், மேற்கு மூன்றும் கலந்தது. (அந்த வீடும் 1995 பூகம்பத்தில் விழுந்துபோயிற்று.) ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் ஒரு சம்பவம் இருக்கிறது. தனிஸாகி புது வீடு கட்ட நினைத்தபோது வந்த கட்டிடக் கலைஞர், 'உங்கள் கட்டுரையைப் படித்திருக்கிறேன், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று எனக்குத் தெரியும்' என்றாராம். அந்த மாதிரி வீட்டில் தன்னால் குடியிருக்கவே முடியாது என்று பதில் சொன்னாராம் தனிஸாகி. அவர் மனைவி சொன்னது இது.

இதைச் சொன்னால் 'அப்படியானால் தனிஸாகி வேஷதாரியா?' என்று கேட்பார்கள். இல்லை. இழந்ததை இழந்ததாகத் தெரிந்து, கண்ணாடியும் மின்சாரமும் உள்ள வீட்டில் உட்கார்ந்து எழுதியவர் அவர். அதனால்தான் அந்தக் கட்டுரைக்கு உயிர் இருக்கிறது. வேஷம் அதை ஒரு தேசத்தின் குணச் சான்றிதழாக ஆக்கிக்கொண்ட வாசகர்களுடையது. குடியிருப்பவன் கலந்துகொண்டே இருக்கிறான். வேடிக்கை பார்க்கிறவனுக்குத்தான் கலப்பு சகிக்கவில்லை.

நீல வீட்டை மீட்க முன்னால் நின்ற யமஷிதா கஸூமியையும் இங்கே சொல்ல வேண்டும். மங்கா வரைகிறவர். மங்கா என்றால் நம் ஸீரியஸ் நண்பர்கள் 'பொம்மைக்கதை' என்று உதடு பிதுக்குவார்கள், பிதுக்கட்டும். இந்தப் பெண்மணி அதற்குச் சில வருஷங்கள் முன்னால்தான் தனக்கென்று ஒரு வீடு கட்டியிருந்தார். அது தேநீர் அறை மரபில் வந்த சுகியா பாணி வீடு. தூணுக்கு மரம் தேர்வதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து, அந்த அனுபவத்தையே ஒரு மங்காத் தொடராக வரைந்தவர். நிழல் பக்தர் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய ஆள். அவர்தான் ஒரு மேற்கத்திய வீட்டுக்காகத் தூக்கம் கெட்டார். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மரத்தையும் தச்சனையும் தெரிந்த கண்ணுக்கு இரண்டும் ஒரே உளியின் வேலை என்று தெரியும்.

5

இந்த வீட்டை ஏன் மீட்க வேண்டி வந்தது? இங்கே கொஞ்சம் கணக்குப் பேச வேண்டும். கடன் மனுவோடு மதிப்பீட்டு அறிக்கையைச் சேர்த்துக் கோப்பில் கட்டுகிறவன் நான். கணக்கை விட்டுவிட்டுக் கலாச்சாரம் பேசுவது எனக்குக் கைவராது.

ஜப்பானிய வரிச் சட்டத்தில், குடியிருக்கும் மரவீட்டின் ஆயுள் 22 வருஷம். அதற்குள் தேய்மானம் எழுதித் தீர்த்துவிட வேண்டும். இது வெறும் வரிக் கணக்குத்தான். ஆனால் வீட்டுச் சந்தையும் கடன் கொடுப்பவனும் இதையே பிரமாணமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இருபது சொச்சம் வருஷம் ஆன வீட்டுக்கு விலை கிடையாது, மனைக்குத்தான் விலை. விளம்பரத்திலேயே 'பழைய வீடு உள்ள மனை' என்றுதான் போடுவார்கள். வாங்குகிறவன் இடிக்கிற செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுவான். அதாவது 22 வருஷத்து வீட்டின் மதிப்பு பூஜ்யம். 130 வருஷத்து வீட்டின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. அழகு கூடக் கூட ஈடு குறைகிற இந்தப் பேரேட்டைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கிறது.

இதற்கு மேல் வாரிசு வரி. உச்ச விகிதம் 55 சதவீதம். சொந்தக்காரர் இறந்தது தெரிந்த 10 மாதத்துக்குள் கட்ட வேண்டும். டோக்கியோவில் பெரிய மனையோடு கூடிய பழைய வீட்டின் வாரிசுக்கு வேறு வழி இருப்பது அபூர்வம். விற்கிறார்கள். வாங்கிய கம்பெனி இடித்து, மனையை நாலாக, ஆறாகக் கூறு போட்டு, ஒரே அச்சில் வார்த்த வீடுகளை நிறுத்துகிறது. 2023 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 90 லட்சம். அப்படியும் புதிது கட்டுவது நிற்கவில்லை.

அரசு சும்மா இருந்ததா என்றால், இருக்கவில்லை. 1996-இல் ஒரு பதிவுத் திட்டம் வந்தது. 50 வருஷம் கடந்த கட்டிடத்தை, சொந்தக்காரர் சம்மதித்தால், பண்பாட்டுச் சொத்து என்று பதிவு செய்யலாம். பழுதுபார்க்க வரைபடம் போடவும் மேற்பார்வைக்கும் ஆகிற செலவில் பாதி கிடைக்கும்; கட்டிட வரியில் பாதி குறையும்; வாரிசு வரிக்கான மதிப்பில் 30 சதவீதம் தள்ளுபடி. நல்லதுதான். ஆனால் தச்சனுக்கும் பூச்சு வேலைக்காரனுக்கும் கொடுக்கிற கூலி சொந்தக்காரர் தலையில். இடிக்க முடிவு செய்துவிட்டாலும், முன்கூட்டித் தெரிவித்துவிட்டு இடித்துக்கொள்ளலாம். கௌரவப் பட்டயம் கொடுத்துவிட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த உபசாரம் எந்த நாட்டு எழுத்தாளனுக்கும் பழக்கமானதுதான்.

இந்த நிலையில், 2020-ஐ ஒட்டி, நீல வீடு இடிபட இருந்தது. யமஷிதாவும், ஸஸோ நமி, நித்தா தத்ஸுவோ முதலிய சக மங்காக்காரர்களும் அமைப்பு ஒன்று ஏற்படுத்தி, தங்கள் பணமும் கடனும் நன்கொடையுமாகச் சேர்த்து அதை வாங்கினார்கள். வாங்கிய கதையையும் யமஷிதா மங்காவாகவே வரைந்தார். 'ஸெதகாயாவிலேயே பழைய மேற்கத்திய வீட்டின் சொந்தக்காரி ஆனேன்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. தலைப்பில் 'பாரம்பரியம்' இல்லை, 'மீட்பு' இல்லை. 'வீட்டுச் சொந்தக்காரி' என்ற சாதாரணச் சொல்தான் இருக்கிறது. வரி ரசீது வரும், கரையான் வரும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்வார் என்பதெல்லாம் அடங்கிய சொல். கலாச்சாரக் காவலர் என்று தன்னை அழைத்துக்கொள்கிற எவருக்கும் இந்தத் தொல்லைகள் கிடையாது.

இப்போது கீழே தேநீர்க் கூடம், மேலே ஓவியக் கண்காட்சி. இதைச் சொன்னதும் இரண்டாவது ஏளனம் வருகிறது: 'கடைசியில் காபி கடைதானே ஆயிற்று!' இந்த வாதம் எனக்குப் புரியவே இல்லை. கோபேயின் கிதானோ சரிவில் 1907-இல் கட்டிய ஒரு மரவீடு, 1995 பூகம்பத்தில் சேதமாகி இடிக்கப்பட இருந்தது. நகரசபைக்குத் தானமாக வந்து, 2001-இல் வேறிடத்தில் மறுபடி நிறுத்தப்பட்டது. 2009-லிருந்து அதில் ஸ்டார்பக்ஸ் காபி விற்கிறது. எனக்கும் அந்தப் பச்சைச் சின்னம் உவப்பானதில்லை. ஆனால் அங்கே ஏணி ஏறி ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் பூசுகிறவனுக்குச் சம்பளம் எங்கிருந்தோ வர வேண்டுமே. சிறுபத்திரிகைக்காரர்கள் அச்சகக் கடனை அடைக்க மனைவியின் நகையை அடகு வைப்பதைத் தியாகம் என்று கொண்டாடிக்கொண்டே, ஒரு வீடு தன் சோற்றைத் தானே சம்பாதித்துக்கொள்வதை வியாபாரம் என்று இழிவு செய்வது வெறும் பழக்க தோஷம். வணிகம் எழுத்தைக் கெடுப்பது, எதை எழுத வேண்டும் என்று அது தீர்மானிக்கும்போது. வீட்டை எப்படிப் பழுது பார்ப்பது என்று தேநீர் தீர்மானிக்காத வரை, தேநீர் குடிப்பதில் கேடு ஒன்றுமில்லை.

6

எப்படிப் பழுது பார்ப்பது என்பதுதான் உண்மையான விமர்சனப் பிரச்னை. நிழல் பக்தர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

பழைய வீட்டை எந்த வருஷத்துக்குத் திருப்புவது? இந்த வீடு அஸாபுவில் இருந்தது 45 வருஷம். கோதொகுஜியில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் நின்றிருக்கிறது. 1888-இன் வீடுதான் அசல் என்று சொன்னால், 1933-க்குப் பிறகு அதில் வாழ்ந்தவர்கள் செய்த மாற்றமெல்லாம் கறை என்றாகிவிடும். வர்ணம் விஷயத்தில் ஒரு முறை இருக்கிறது. சுவரில் ஒரு சின்ன இடத்தை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பூசிய வர்ணங்கள் மரத்தின் ஆண்டு வளையங்கள் மாதிரி வெளிப்படும். எத்தனை முறை மனம் மாறியிருக்கிறது என்று சுவரே சொல்லும். எந்த வளையத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது தேய்க்கிறவன் பொறுப்பு. அதற்கு ஒரு பார்வை வேண்டும். பார்வைக்கு ஒரு நியாயம் வேண்டும். பழைய பிரதியைப் பதிப்பிக்கிறவனுக்கும் இதே பொறுப்புதான்.

ஜப்பானியத் தச்சர்களுக்கு இதில் ஒரு நேர்மை உண்டு. தூணின் அடி மண் ஈரத்தில் உளுத்துப்போனால் முழுத் தூணையும் தூக்கி எறிவதில்லை. உளுத்த பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, அதே அளவு புது மரத்தை, பிடித்தால் விடாத ஒரு பூட்டு வெட்டி, அடியில் சேர்த்துவிடுவார்கள். மேலே பழைய மரம், காலில் புது மரம். பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த கட்டிடங்களில், புதிதாக வைக்கிற மரத்தில் பழுது பார்த்த வருஷத்தைச் சூட்டுக்கோலால் பொறித்துவிடுவதும் உண்டு. நாளைக்கு வருகிறவன் இதைப் பழையது என்று ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக.

இதற்கு எதிர்முனையையும் டோக்கியோவிலேயே பார்க்கலாம். அதே காண்டர் 1894-இல் கட்டிய மித்ஸுபிஷியின் முதலாம் எண் செங்கல் கட்டிடத்தை, காப்பாற்றச் சொல்லி எழுந்த குரல்களைப் பொருட்படுத்தாமல், 1968-இல் அந்தக் கம்பெனியே இடித்தது. பிற்பாடு அதே கம்பெனி, அதே இடத்தில், சுமார் 23 லட்சம் செங்கல் வைத்து, பழைய வரைபடப்படி 2009-இல் திரும்பக் கட்டியது. 2010-இல் கலைக்கூடமாகத் திறந்தது. வேலை சுத்தம். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் நகல் என்ற சொல்லுக்கு உரிய இடம் எது என்று யாராவது கேட்டால் நான் அங்கேதான் கூட்டிப் போவேன். நம் நிழல் பக்தர்கள் இதற்கும் ஒரு தத்துவம் வைத்திருக்கிறார்கள்: 'இஸே கோயிலை 20 வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவதில்லையா? ஜப்பானியனுக்கு உருவம்தான் முக்கியம், பொருள் அல்ல.' கடைசியாக 2013-இல் இஸேயைப் புதுப்பித்தபோது, பழைய கோயில் நின்றுகொண்டிருக்கும்போதே பக்கத்து மனையில் புதியது எழுந்தது. பழைய தச்சன் பக்கத்தில் நின்று இளைய தச்சனுக்குக் கை காட்டினான். அங்கே தொடர்வது உருவம் மட்டும் இல்லை, கையும் கூட. இடித்துவிட்டு, நாற்பது வருஷம் மறந்திருந்துவிட்டு, வரைபடத்தை எடுத்துத் தூசு தட்டுவதற்கு இஸேயைச் சாட்சிக்கு அழைப்பது சால்ஜாப்பு.

ஆக, கோட்டைத் தவறான இடத்தில் கிழித்திருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஜப்பானியப் பாணி ஒரு பக்கம், மேற்கத்திய பாணி ஒரு பக்கம் என்று ஒரு கோடு. இது வந்த வழியைப் பார்க்கிற கோடு, சுங்கச்சாவடிக்காரனுக்கு உபயோகப்படும். விமர்சகனுக்கு வேண்டியது வேறு கோடு. கையாளப்பட்டு, கெட்டு, பழுது பார்க்கப்பட்டு, மறுபடி கையாளப்படுவது ஒரு பக்கம். கண்ணாடிப் பெட்டியில் வைத்தோ, மேடையில் ஏற்றியோ, சான்றிதழாக மாட்டியோ, கையாளப்படாமல் போனது மறுபக்கம். இப்படிக் கிழித்தால் நீல வீடும் இஸே கோயிலும் ஒரே பக்கம் வரும். செங்கல் பிரதியும், நிழல் பக்தர் நெஞ்சில் வைத்திருக்கும் தூய ஜப்பானும் மறுபக்கம் போகும். கடன் வாங்கியதை நம்முடையதாக்குவது பூர்வீகப் பத்திரம் இல்லை. உளுத்த காலை அறுத்துப் புதுக் கால் வைக்கிற வேலையை யார் செய்கிறார்களோ அவர்களுக்கு அது சொந்தம். ஒரு கவிதை வடிவத்துக்கும் இதைத் தவிர வேறு பட்டா கிடையாது. அறுபது வருஷமாகக் கையாண்டு, கெடுத்து, திருத்தி, மறுபடி கையாண்டுவருகிற ஒன்றை இன்னும் இறக்குமதி என்று சொல்கிறவன், தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறான்.

நிழல் பக்தர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தனிஸாகியின் கட்டுரையைத் திரும்ப எடுக்கும்போது அரக்குப் பாத்திரத்துக்கு நேரே தாவாமல், முதல் சில பக்கங்களைப் படியுங்கள். மின்கம்பியை எங்கே ஒளிப்பது, குழாயை எப்படி மறைப்பது, குளியலறைக்கும் கழிப்பறைக்கும் என்ன செய்வது என்ற கவலைதான் அங்கே முழுக்க. கதவுக்கு உள்பக்கம் காகிதமும் வெளிப்பக்கம் கண்ணாடியும் வைத்து, இரண்டு மடங்கு செலவழித்து, வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கண்ணாடிக் கதவாகவும், உள்ளிருந்து பார்த்தால் காகிதத்தின் மென்மை இல்லாமலும் முடிந்துபோன ஒரு வீட்டுக்காரனின் எரிச்சல் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கங்களைத் தாண்டி வந்தவனுக்குத்தான் நிழலைப் பற்றிப் பேச யோக்யதை உண்டு.